பதினேழாம் எபிசோடின் பேரேடு

பேரேடு மூன்று வேண்டும் என்றார்கள்.
குதிரைமேல் வர ஒன்று,
கடலில் விழ ஒன்று,
தப்பித் தவறினால் ஒன்று.

தோல் அட்டை ஷார்ஜாவில் கிடைத்தது.
தாளைத் தேயிலைத் தண்ணீரில் முக்கி
ராம்ஸ் கடற்கரையில்
ஜெனரேட்டர் லாரியின் சூட்டில் காயப்போட்டேன்.
வேதமாணிக்கம் கத்தினான்:
"அப்பளமாடா இது?"

சுவைலிம் கொள்ளைக்காரன்.
நூறு வருஷத்துக்கு முன்போ நூற்றைம்பதோ,
சொல்கிறவர் வாயைப் பொறுத்தது.
பொன்னைத் தொடமாட்டான்.
முத்தைத் தொடமாட்டான்.
முத்துக்குளிப்பவர்கள் பட்ட கடனை
நகுதாக்கள் எழுதிவைத்த கணக்கை மட்டும்
ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிப்போய்
கடலில் போட்டுவிடுவான்.
விடிந்தால்
யாருக்கு யார் அடிமை என்று
ஒருவருக்கும் தெரியாது.

சுவைலிமாக நடிக்கும் லைத்துக்கு நீச்சல் வராது.
குதிப்பவன் சீனி நைனா, கீழக்கரைக்காரன்.
முதுகு வரைக்கும்தான் அவன் சுவைலிம்.
திரும்பினால் கட்.
மேக்கப் மதாம் நெவீன் தினமும்
அவன் பிடரிக்கு இரண்டு சுற்று வெளுப்புப் பூசுவாள்.
"முகத்துக்கு வேண்டாமா?" என்பான்.
அதே கேள்வி, அறுபத்தோரு நாளாக.
அவளும் சிரிக்கத்தான் செய்கிறாள்.

பக்கத்தில் என்ன எழுத என்று கேட்டேன்.
உதவி இயக்குநர் போனிலிருந்து தலை எடுக்கவில்லை.
"எதையாவது கிறுக்கு.
கேமரா அவ்வளவு கிட்டே வராது."

வலப்பக்கம் திறக்கிற நோட்டு.
கடைசித் தாளிலிருந்து தொடங்கினேன்.
ஏஜென்ட் கமிஷன், ஒன்றரை லட்சம்.
மெடிக்கல், இரண்டு தடவை.
அக்கா வளையல் நாலு பவுன், மீட்கவில்லை.
சாத்தூர் பொன்னுத்தங்கம், மூன்று வட்டி.
அந்தப் பேரை எழுதும்போது மட்டும்
கையெழுத்து அழகாக வந்தது.

எட்டிப் பார்த்த வேதமாணிக்கம்
பேனாவைப் பிடுங்கிக்கொண்டான்.
அவனிடமிருந்து லைட் தூக்கும் தேஜ் பகதூர்.
அவனிடமிருந்து தச்சன் மொஃபிஸுல்.
குதிரைக்கார ஸர்வர் கானுக்கு எழுத்து தெரியாது,
கோடு போட்டான்.
கோடு ஒன்றுக்கு ஒரு மாசமாம்.
பக்கம் திருப்பிப் போட்டான்.

மதாம் நெவீன் நின்றுகொண்டே
ஒரே ஒரு வரி எழுதினாள்.
அரபியில் எனக்கு எண் மட்டும் தெரியும்,
கார் நம்பர் பார்த்துப் பழகியது.
அவர்களுக்குச் சுழியம் என்றால் புள்ளி.
நிறையப் புள்ளிகள் இருந்தன.

முதல் டேக்கில் பேரேடு மூழ்கவில்லை.
மல்லாந்து மிதந்தது.
உஸ்தாத் கஸ்ஸான் மைக்கில் அலறினார்:
"கடன் மிதக்கிறது! கட்!"
இரண்டாவது, காற்றில் பிரிந்து
படகின் விலாவில் அடித்துக் கிழிந்தது.
மூன்றாவதுக்கு
மீன்காரர்களிடம் ஈயக்குண்டு கடன் வாங்கி
முதுகுத் தையலுக்குள் வைத்துத் தைத்தேன்.

முழுகியது.
நைனாவும் அதோடு போனான்.
குமிழி வந்தது.
கரையில் எல்லோரும் கை தட்டினோம்,
கட் சொன்ன பிறகும்,
விளக்கு அணைந்த பிறகும்.
ஷாட் பிரமாதம் என்று நினைத்து
உஸ்தாத் குனிந்து வணக்கம் சொன்னார்.

அப்புறம்தான் கன்டின்யூட்டிப் பெண் ஓடி வந்தாள்.
நாளைக் காலை எடுப்பது பதினாறாம் எபிசோட்.
நகுதா மேஜையில் பேரேடு இருக்க வேண்டும்.
கதைப்படி
திருட்டே இன்னும் நடக்கவில்லை.
மற்ற இரண்டும் கூழ்.

நைனா மறுபடி குதித்தான்.
இந்தத் தடவை பிடரிக்கு வெளுப்பு இல்லை,
யாரும் படம் எடுக்கவில்லை.
நாலாவது முழுக்கில் கிடைத்தது.
மணலில் வைத்துவிட்டு
காதுத் தண்ணீர் போக ஒற்றைக்காலில் குதித்தான்.

தாள் தாளாகப் பிரித்தேன்.
என் பக்கத்தில் அசல் கரைந்துவிட்டது.
வட்டி மட்டும் படிக்க முடிந்தது.
ஸர்வர் கானின் கோடுகள் ஒன்றோடொன்று ஊறி
ஒரே கறுப்பு.
மதாம் நெவீனின் புள்ளிகள்
ஒன்றும் ஆகவில்லை.

ஜெனரேட்டர் அணைக்கும் நேரம்.
சாவியைக் கையில் வைத்துக்கொண்டு
வேதமாணிக்கம் கொஞ்சம் பார்த்தான்.
அப்பளம் என்று சொல்லவில்லை.
இன்னும் ஒரு மணி நேரம்
லாரியை ஓடவிட்டான்.